என் வீட்டுக்குள் வந்த பிரெஞ்சுப் பாட்டு

இது 1959-இல் புதுச்சேரியில் நடந்தது. எனக்குக் கல்யாணமாகிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. ஓர் ஆஸ்பத்திரியின் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ரத்தம், சளி இவற்றைக் கண்ணாடித் துண்டில் தடவி, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்த்து முடிவு எழுதும் வேலை. அதற்காகச் சென்னையில் விடுதியில் தங்கிப் படித்துத் தேறியவள் நான். எங்கள் குடும்பத்தில் சம்பளத்துக்கு வேலைக்குப் போன முதல் பெண். அந்த வேலை எனக்கு எவ்வளவு பெரிது என்பதை இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

என் கணவர் ஊருக்குள்ளேயே ஒரு பஞ்சாலையில் மின்சாரப் பிரிவில் இருந்தார். சாயங்காலம் ஷிப்டு முடிந்ததும் சைக்கிளோடு ஆஸ்பத்திரி வாசலில் வந்து நிற்பார். இருவரும் பேசிக்கொண்டே நடந்து வீட்டுக்குப் போவோம்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். எனக்குப் பாட வராது. பள்ளிக்கூடத்தில் கடவுள் வாழ்த்துப் பாடும்போது பாட்டு டீச்சர் என்னைப் பின்வரிசைக்கு அனுப்பி, "நீ வாயை மட்டும் அசை, போதும்" என்று சொல்லிவிட்டார். நான் சொன்னதைச் செய்கிற பிள்ளை. வாயை மட்டும் அசைத்தே பள்ளிப் படிப்பை முடித்தேன். அதனாலோ என்னவோ, அலட்டிக்கொள்ளாமல் பாடுகிறவர்களைக் கண்டால் எனக்குள் ஏதோ சுருக்கென்று குத்தும்.

அப்படிக் குத்தியவர்களில் முதல் ஆள் எங்கள் ஆஸ்பத்திரியில் இருந்த ஒரு நர்ஸ். என்னைவிடச் சின்னவள். தகப்பனார் பிரெஞ்சுப் பட்டாளத்தில் வியட்நாமில், சைகோனில் இருந்துவிட்டுக் குடும்பத்தோடு ஊர் திரும்பியவர். தினமும் காலையில் வார்டிலிருந்து பரிசோதனைக்கு வரும் குப்பிகளை அவள்தான் கொண்டுவருவாள். நான் ஒவ்வொன்றாகச் சரிபார்த்து வாங்கி முடிக்கும்வரை கதவில் சாய்ந்துகொண்டு ஒரு பிரெஞ்சுப் பாட்டை முணுமுணுப்பாள்.

வார்த்தை எனக்குப் புரியாது. மெட்டு மட்டும் காதில் விழும். ஊஞ்சல் ஆடுவதுபோலத் தொடங்கி, படிப்படியாக மேலே ஏறும். உச்சிக்குப் போய்த் திரும்ப இறங்கும்போது பாதியில் அறுந்து, தடாலென்று வேறோர் இடத்தில் போய் விழும். மாடிப்படியில் இறங்குகிறவர் நடுவில் நாலைந்து படிகளை விட்டுவிட்டுக் குதித்ததுபோல. பிரெஞ்சுக்காரர்கள் பாட்டு இப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அவளுக்கு எல்லாம் சுலபமாக வரும். அவள் சிரித்தால் வார்டில் இருப்பவர்களும் சிரிப்பார்கள். நான் சிரித்தால், எதிரில் இருப்பவர் ரிசல்ட்டில் ஏதோ கோளாறு என்று பயந்துவிடுவார்.

ஜூன் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. என் கணவர் கூடத்தில் கண்ணாடி முன்னால் நின்று முகம் மழித்துக்கொண்டிருந்தார். நான் அடுப்படியில் இருந்தேன். மழித்துக்கொண்டே ஒரு மெட்டை முணுமுணுத்தார். ஊஞ்சல் போல ஆடியது. படிப்படியாக ஏறியது. இறங்கும்போது தடாலென்று குதித்தது.

என் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றுவிட்டது.

"இத எங்க கேட்டீங்க?" என்றேன்.

கண்ணாடிக்குள்ளிருந்தே என்னைப் பார்த்தார். சோப்பு நுரைக்கு நடுவில் ஒரு சிரிப்பு. "அதுவா? ஒரு எடத்துல புடிச்சேன்."

"எந்த எடத்துல?"

"அத மட்டும் சொல்ல மாட்டேன், போ."

எதையும் வரிசைப்படுத்திப் பார்ப்பது என் பழக்கம். தொழிலே அப்படிப் பழக்கிவிட்டது. அடுப்படியில் நின்றபடியே வரிசை போட்டேன். ஒன்று, ரேடியோவில் கேட்டிருக்கலாம். எங்கள் வீட்டில் ரேடியோ கிடையாது. இரண்டு, மில்லில் யாராவது பாடியிருக்கலாம். மில்லில் யார் பிரெஞ்சில் பாடப் போகிறார்கள்? மூன்று, ஆஸ்பத்திரி வாசல். மூன்றாவது மனதில் வந்ததும் முதல் இரண்டும் காணாமல் போய்விட்டன.

கோடையில் மில்லில் அவருக்குக் கையில் சூடு பட்டு எங்கள் ஆஸ்பத்திரிக்குத்தான் வந்தார். கட்டுப் போட்டவள் அந்த நர்ஸ். "கட்டுப் போட்டதே தெரியல. அந்தப் பொண்ணுக்கு நல்ல கை" என்று வீட்டில் வந்து சொன்னார். அப்போது நானும் ஆமாம் என்றேன். இப்போது அந்த "நல்ல கை" காதுக்குள் வேறு மாதிரி கேட்டது.

அதற்கடுத்த வாரம் எனக்கு ஒரு நிம்மதி கிடைத்தது. ஒரு புதுப் படத்தின் பாட்டு அப்போது ஊரெல்லாம் ஒலித்துக்கொண்டிருந்தது. நான் படம் பார்ப்பதில்லை, அதனால் கவனித்ததில்லை. மத்தியானம் ஒரு காபி கிளப்பைத் தாண்டிப் போகும்போது அங்கிருந்த ரேடியோவில் அந்தப் பாட்டு. அதே ஊஞ்சல்! வார்த்தை தமிழ், ஆட்டம் அச்சாக அதே ஆட்டம். சினிமாப் பாட்டுகளில் பாதி அப்படித்தான். ஒன்றைக் கேட்டால் இன்னொன்று நினைவுக்கு வரும். எங்கோ வெளிநாட்டில் பிடித்த மெட்டுக்கு நம் வார்த்தையைப் போட்டிருப்பார்கள். இதைத்தான் இவர் கேட்டிருக்கிறார் என்று உச்சி வெயிலில் குடையை விரிக்கக்கூடத் தோன்றாமல் சந்தோஷமாக நின்றேன். பாட்டு ஏறியது. இன்னும் ஏறியது. பிறகு, ஒரு படி விடாமல், அழகாக, நிதானமாக இறங்கியது.

குதிக்கவில்லை.

இரண்டு பேருக்கு ஒரே காய்ச்சல் என்றால், ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் போனது என்று உடனே சொல்லிவிட முடியாது. இரண்டும் ஒரே இடத்திலிருந்து வந்தவைதான் என்று காட்ட ஏதாவது ஓர் அடையாளம் வேண்டும். எனக்கு அடையாளம் கிடைத்துவிட்டது. சினிமாப் பாட்டில் இல்லாத குதிப்பு, அவள் பாட்டில் இருந்தது. என் கணவர் பாட்டிலும் இருந்தது.

அதன்பிறகு நான் நானாக இல்லை. வெளியில் யாருக்கும் தெரியாது. சத்தம் போட்டுப் பழக்கமில்லாதவள். குப்பிகளை வாங்கும்போது அவளைப் பார்க்காமலே வாங்கினேன்.

"அக்கா, தலவலியா?"

"இல்ல."

"மொகமே ஒரு மாதிரி இருக்குதே."

"என் மொகமே அப்படித்தான்."

சாயங்காலம் வாசலில் எங்களைக் கடந்து போகும்போது, "வரேங்கா, வரேண்ணே" என்பாள். அவர் தலையாட்டுவார். 'அண்ணே' என்று கூப்பிட்டுவிட்டால் யாருக்கும் சந்தேகம் வராது என்று இவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தது என்று நான் யோசித்துக்கொண்டே நடப்பேன். தலையை மட்டும் ஆட்டினாரே, ஏன் பேசவில்லை? பேசினால் குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்றா? ஒரு நாள் அவர் அவளைக் கவனிக்காமல் சைக்கிள் செயினைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று ராத்திரி முழுதும் அந்தச் செயினைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன்.

இதற்கு நடுவில் அவருக்குச் சென்னையிலிருந்து ஒரு வேலை வந்தது. புதிதாகத் தொடங்கிய ஒரு தொழிற்சாலையில் அவரோடு படித்த சிநேகிதர் ஏற்பாடு செய்தது. எனக்காக அதை வேண்டாம் என்று சொல்லிவிடும் எண்ணத்தில்தான் இருந்தார். ஒரு ராத்திரி சாப்பிடும்போது நானே சொன்னேன், "மெட்ராசுக்குப் போயிடலாங்க."

கையில் எடுத்த கவளத்தை இலையிலேயே வைத்துவிட்டார். "உன் வேல?"

"வேற எடத்துல கெடைக்காதா?"

"அங்க உன்ன மாதிரி படிச்சிட்டு எவ்ளோ பேர் நிக்கிறாங்க தெரியுமா? கெடைக்கலைன்னா?"

"கெடைக்கலைன்னா வூட்ல இருக்கறேன்."

"நீயா வூட்ல இருப்ப?" என்று என்னையே பார்த்தார். "இன்னா ஆச்சி உனக்கு?"

"ஒண்ணும் ஆவல. குழம்பு ஊத்தட்டுமா?"

ஆகஸ்ட் பதினைந்துக்கு அடுத்த திங்கட்கிழமை பதில் சொல்லியாக வேண்டும். மறுநாள் வேலை முடிந்து மைக்ராஸ்கோப்பைத் துடைத்து உறையை மாட்டும்போது, இனிமேல் இதில் கண்ணை வைக்கப் போகிறவள் யார் என்று நினைத்தேன். இன்னும் யாரென்றே தெரியாத அந்தப் பெண்மேலும் எனக்குப் பொறாமை வந்தது.

அந்த வாரம்தான் அந்த நர்ஸ் லேபுக்கு வந்து, "பதினஞ்சாந்தேதி மாதா திருநாள். எல்லாரும் மத்தியானம் எங்க வீட்டுக்கு சாப்புட வரணும்" என்று அழைத்தாள். லேபில் மற்றவர்கள் ஏதேதோ காரணம் சொன்னார்கள். நான் மட்டும், "நாங்க ரெண்டு பேரும் வரோம்" என்றேன். அவளுக்கே ஆச்சரியம். ஒரு மாதத்துக்கு மேலாக முகம் கொடுத்துப் பேசாதவள்!

எதற்காக ஒத்துக்கொண்டேன் என்பது எனக்குத் தெரியும். அவர்கள் இருவரையும் ஒரே இடத்தில் வைத்துக் கண்ணால் பார்த்துவிட வேண்டும். என்னென்ன பார்க்க வேண்டும் என்று மனதுக்குள் வரிசையும் போட்டு வைத்திருந்தேன். ஒன்று, அவருக்கு அந்த வீட்டுக்கு வழி தெரிகிறதா. இரண்டு, உள்ளே நுழைந்ததும் யார் யாரை முதலில் பார்க்கிறார்கள். மூன்று, வீட்டார் அவரைப் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்க்கிறார்களா. நான்கு, பாட்டுப் பேச்சு வந்தால் அவர் முகம் என்ன ஆகிறது.

அன்றைக்குச் சுதந்திர தினமும்கூட. ஆபீஸ் கட்டிடங்களில் கொடி பறந்துகொண்டிருந்தது. மாதா கோயில் தெருவில் காகிதத் தோரணம், மணிச் சத்தம், புதுத்துணி உடுத்திய கூட்டம். அவர் மூலைக்கு மூலை சைக்கிளை நிறுத்தி வழி கேட்டார். ஒரு தடவை தப்பான சந்தில் திரும்பி, இன்னொரு வீட்டுக் கதவைத் தட்டவும் செய்தார். நன்றாகத்தான் நடிக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். வழி தெரிந்திருந்தால் குற்றம். தெரியாவிட்டால் நடிப்பு. அந்த நிலைமையில் இருந்தேன்.

அவள் தகப்பனார் வாசலுக்கே வந்து, "வாங்க முசே, வாங்க மதாம்" என்று கை கூப்பினார். பிரெஞ்சு மரியாதை. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்கதானா அந்த லேப் அக்கா? வீட்ல எப்பப் பாத்தாலும் உங்க பேச்சுதான்" என்றார். என்ன பேச்சு என்று நான் கேட்கவில்லை. நீள ரொட்டியும் ஆட்டுக்கறிக் குழம்பும் பரிமாறினார்கள். என் கணவர் சாப்பாட்டைத் தவிர வேறு எதையும் பார்த்ததாகத் தெரியவில்லை. இரண்டாவது தடவை குழம்பு கேட்டு வாங்கினார். மூன்று அடையாளங்களும் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டன.

சாப்பிட்ட பிறகு நானே கேட்டேன். "தெனமும் ஒரு பாட்டு பாடுறியே. அது என்ன பாட்டு?" கேட்டுவிட்டு, அவளைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்தேன்.

பாட்டு என்றதும் அவர் முகம் மலர்ந்தது.

"அதுவா அக்கா? பப்பா, போடுங்க அத!" என்றாள். தகப்பனார் சந்தோஷமாக எழுந்து, மூலையில் இருந்த கிராமபோன் பெட்டியைத் திறந்து, சாவி கொடுத்து, ஓர் இசைத்தட்டை வைத்தார். முள் உராயும் சத்தம். பிறகு யாரோ ஒரு பிரெஞ்சுக்காரியின் குரல். ஊஞ்சல் ஆடியது. மேலே ஏறியது. இறங்கத் தொடங்கியதும் 'டக்' என்று ஒரு சத்தம். முள் எகிறி அடுத்த கோட்டில் போய் விழுந்தது. அம்மாவும் மகளும் கூடவே பாடிக்கொண்டிருந்தவர்கள், அதே இடத்தில் அதே மாதிரி குதித்து, நிற்காமல் மேலே பாடிக்கொண்டு போனார்கள்.

"கப்பல்ல வரும்போது கீறிக்கிச்சி" என்றார் அம்மா. "எங்களுக்கு இப்ப நேராப் பாடச் சொன்னா வராது."

என் கணவர் தொடையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டிச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரும் அளவுக்குச் சிரிப்பு.

"அட, இது ரெகார்டுலயே இருக்குதா! நான் இவ்ளோ நாளா இவதான் சினிமாப் பாட்டத் தப்பாப் பாடுறான்னு நெனச்சினு இருந்தேன்!"

"எவ?" என்றேன். என் குரல் எங்கிருந்தோ வந்தது.

"எவளா? நீதான்."

"நானா?"

"பின்ன யாரு? அரிசி களைய உக்காந்தாப் போதும், ஆரம்பிச்சிடுவ. ஏறிக்கினே போவ, எறங்குற எடத்துல டபக்குனு குதிச்சிடுவ. உன்கிட்ட கேட்டுக் கேட்டு எனக்கும் குதிக்கத்தான் வருது. மில்லுல பசங்க, 'இன்னாண்ணே, நல்ல பாட்ட இப்படிக் கொல பண்றியே'ன்னு கேக்குறானுங்க."

"நான் பாடறதே இல்லையே" என்றேன். சபையில் பொய் சாட்சி சொன்னவளைப் பார்ப்பதுபோல எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஐயோ அக்கா!" என்று அந்த நர்ஸ் கையைக் கொட்டினாள். "மைக்ராஸ்கோப்புல கண்ண வச்சீங்கன்னா உங்களுக்கு ஒலகமே தெரியாது. பாடிக்கினே இருப்பீங்க. நானே இந்தப் பாட்ட விட்டுடலாம்னு பாக்கறேன், எங்க விட முடியுது? காலையில உங்ககிட்ட கேட்டுட்டுப் போனா நாள் பூரா அதேதான் வாயில. வார்டுல பெரிய நர்சுகிட்ட திட்டு வாங்கறது நானு!"

"நம்ம வீட்டுக் கீறல் அங்க வரைக்கும் போயிடுச்சா!" என்று அம்மா சிரித்தார். தகப்பனார் முள்ளைத் தூக்கித் திரும்ப முதலில் வைத்து, "இப்ப பாடுங்க மதாம், எல்லாரும் சேந்து" என்றார். நான்கு பேரும் பாடினார்கள். என் கணவர் வார்த்தை தெரியாமல் லாலா என்று கத்தினார். நான் வாயை மட்டும் அசைத்தேன். ஊரில் உள்ளவர்கள் சளியை எல்லாம் சோதித்தவள், நோய் எங்கிருந்து பரவுகிறது என்று தேடித் தேடி அலைந்தவள், ஒரு தடவைகூட என் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. பாட்டு அவளிடமிருந்து அவருக்குப் போயிருந்தது உண்மைதான். தூக்கிக்கொண்டு போனவள் நான்.

திரும்பும்போது வெயில் தாழ்ந்திருந்தது. அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். கோயில் கூட்டம் கலைந்து எங்களைச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தது.

"அன்னிக்கே கேட்டேனே, எங்க புடிச்சீங்கன்னு. ஏன் சொல்லல?" என்றேன்.

"சொன்னா நிறுத்திடுவியே."

சைக்கிள் கைப்பிடியில் நானும் ஒரு கையை வைத்துக்கொண்டு நடந்தேன். அவர் கேட்டார். "சரி, திங்கக்கெழம இன்னா பதில் சொல்றது?"

"வேணாம்னு சொல்லிடுங்க."

"போன வாரம் போயே தீரணும்னியே?"

"அது போன வாரம்."

நின்று என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டு, "நல்லாத்தான் இருக்குது உன் நியாயம்" என்றார். அவ்வளவுதான். ஏன் போக வேண்டும் என்றேன், ஏன் வேண்டாம் என்றேன் என்று அவர் இன்றுவரை கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. இதைப் படித்தால் தெரிந்துகொள்வார். தெரிந்துகொள்ளட்டும்.

இன்றும் அதே லேபில்தான் வேலை பார்க்கிறேன். அந்த நர்ஸ் போன வருடம் கல்யாணமாகிக் காரைக்கால் போய்விட்டாள். ஊருக்கு வரும்போதெல்லாம் லேபில் எட்டிப் பார்க்காமல் போவதில்லை. அவள்மேல் எனக்கு இப்போது எந்த வருத்தமும் கிடையாது. ஆனால் அன்று அவர் சொன்னது பலித்துவிட்டது. நான் பாடுகிறேன் என்று தெரிந்த நாளிலிருந்து எனக்குப் பாட்டு வரவில்லை. அரிசி களைய உட்கார்ந்தால் காது என் வாயையே கவனித்துக்கொண்டிருக்கிறது. மெட்டு மண்டைக்குள் முழுசாக ஓடுகிறது, ஏறுகிறது, குதிக்கிறது, உதட்டுக்கு மட்டும் வருவதில்லை. அவர் கூடத்தில் சவரம் செய்துகொண்டே பாதிவரை முணுமுணுத்து நிறுத்திவிட்டு, மீதியை நான் பாடுவேனோ என்று காத்திருப்பது எனக்குத் தெரியும்.

பொறாமை என்றால் என்னவென்று அந்த நாட்களில் நன்றாகவே தெரிந்துகொண்டேன். இப்போதும் எனக்கு ஒரே ஒருத்தியைப் பார்த்துத்தான் பொறாமை: தனக்குப் பாட வராது என்று முழுசாக நம்பிக்கொண்டு, ஒருவர் கூடத்தில் நின்று தினமும் தன்னைக் கேட்கிறார் என்பதே தெரியாமல், அடுப்படியில் உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்த அந்தப் புது மணப்பெண்ணைப் பார்த்து.